மணிக்கூண்டு போட்ட பால் அட்டவணை

என் தம்பி மனைவிக்கு அவள் வேலை பார்க்கும் பஸ் டிப்போவில் மணிக்கூண்டு என்று பட்டப்பெயர். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். நான் நேரிலேயே கூப்பிடுவேன். ஒரு முறை முறைப்பாள், அவ்வளவுதான்.

டைம் டேபிள் போடுவது அவள் வேலை. எந்த ரூட்டில் எத்தனை ட்ரிப், எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த டிரைவருக்கு எப்போது ஓய்வு, எல்லாம் முதலில் அவள் பென்சிலால் கோடு போட்ட தாளில்தான் பிறக்கும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் தாளில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அதில் ஏற்றுவாள். பென்சில், ஸ்கேல், ரப்பர் மூன்றும் கைப்பையை விட்டு இறங்கியதே இல்லை.

அதே டிப்போவில் என் தம்பி டிரைவர். ஸ்டியரிங்கைப் பிடித்தால் ஒழுங்கானவன். கீழே இறங்கிவிட்டால் எதையும் ஆடி அசைந்துதான் செய்வான். குளியலறையில் பத்து நிமிடத்தைத் தாண்டினால் மணிக்கூண்டு கதவைத் தட்டி, வண்டி லேட் என்பாள். கல்யாணமான ஆறே மாதத்தில் அவன் மனிதனானான். நான் இருபது வருடம் கத்தியும் நடக்காத காரியம் அது. அந்த வயிற்றெரிச்சல் எனக்குக் கொஞ்சம் உண்டு.

அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது பதினொன்றாம் நம்பர் ரூட்டை. மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து, பிரசவ ஆஸ்பத்திரி வாசல் வழியாக, பின்பக்கக் குடியிருப்புகளைச் சுற்றி வரும் ரூட் அது. ஒரு நாளைக்கு எட்டு ட்ரிப் ஓடிக்கொண்டிருந்தது. பாதி வண்டி காலியாகப் போகிறது என்று இரண்டைக் குறைத்தாள். புகார் மேல் புகார் வந்தது. மிச்சம் இருந்த ஆறிலும் கூட்டம் குறையவே, நான்காக்கினாள். கொஞ்ச நாளில் புகாரும் நின்றுபோனது. மேனேஜர் எல்லாரையும் கூட்டி வைத்து அவளைப் பாராட்டினாராம். "ஒரு வருஷமா ஒரு புகார் இல்லக்கா. டைம் டேபிள் சரியா இருந்தா அப்படித்தான், சத்தமே இருக்காது," என்று என்னிடம் சொன்னாள். கெட்டிக்காரி என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

பிரசவத்துக்கும் தாள் போட்டுத்தான் வைத்திருந்தாள். லீவு என்றைக்கு ஆரம்பம், ஆஸ்பத்திரிப் பை என்றைக்குக் கட்ட வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. பொடிசு அதையெல்லாம் மதிக்கவில்லை. பன்னிரண்டு நாள் முன்னதாக, டிப்போவில் அவள் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில், வருகிறேன் என்று சொல்லிவிட்டது. பெண் குழந்தை. சரியாக மூன்று கிலோ.

நான் துணி ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறேன். பேன்ட் இடுப்பைப் பிரிப்பது, நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது. ஒரு மாதம் கடை இல்லை என்று அட்டையில் எழுதி மாட்டிவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தேன். அவள் அம்மா இல்லை, எங்கள் அம்மாவும் இல்லை. எனக்குப் பிள்ளை கிடையாது, கல்யாணமும் நிலைக்கவில்லை. ஆக, அந்த இரண்டு அறை வீட்டில் பிள்ளை வளர்த்த கை ஒன்றுகூட இல்லை. மாடியில் மூன்றாவது வீடு, பின் ஜன்னலைத் திறந்தால் டிப்போவின் மைதானம். விடியற்காலையில் பஸ்களை உறுமவிட்டுச் சூடு பண்ணும் சத்தம் கேட்கும். அதற்கெல்லாம் பொடிசு அசையவே அசையாது. பசித்தால் மட்டும் எழுந்துகொள்ளும்.

பசி என்றால் சாதாரணப் பசி இல்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் மணிக்கூண்டு ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்தாள். பதினைந்து முறை. ஒரு தடவை குடித்து முடிக்க நாற்பது நிமிடம். ஏப்பம் எடுக்க வைத்து, துணி மாற்றி, படுக்க வைத்துவிட்டு அவள் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் மறுபடியும் உதட்டைக் குவிக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இடைவெளியே கிடையாது. இடது, வலது, மறுபடி இடது என்று ஒன்பது மணி வரை போகும். காம்பு வெடித்து, பிள்ளை வாயை வைக்கும்போதெல்லாம் மணிக்கூண்டு கால் விரல்களை மடக்கி உட்கார்ந்திருப்பாள். கத்த மாட்டாள். கண்ணில் மட்டும் தண்ணீர் கொட்டும். "முதல் ட்ரிப் டிப்போவுக்கே வரலக்கா, அதுக்குள்ள ரெண்டாவது கிளம்பியாச்சு," என்று சிரிக்கப் பார்த்தாள்.

பிள்ளை வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் தம்பி வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான். காலை முதல் ட்ரிப்பில், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கண் ஒரு நொடி மூடிவிட்டதாம். பின்னால் ஓர் அம்மா கத்தியிருக்கிறார். ரோட்டு நடுவில் இருந்த தடுப்புச் சுவரை உரசும் முன் வண்டியைத் திருப்பிவிட்டான். உள்ளே நாற்பது பேர். அவன் சொல்லி முடித்ததும் மணிக்கூண்டு பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்க் கைப்பையிலிருந்து பென்சிலையும் ஸ்கேலையும் எடுத்தாள்.

அன்றைக்கு அவள் போட்ட தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அழகான தாள். ட்ரிப் எண், ஆரம்பம், முடிவு, இடது எத்தனை நிமிடம், வலது எத்தனை நிமிடம், துணி மாற்றும் நேரம், தம்பி தூங்கும் நேரம், என் சமையல் நேரம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால், நாளைக்கு எட்டு. இடையில் அழுதால் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், கொடுக்கக் கூடாது. ஒரு வாரத்தில் பழகிவிடும் என்றாள். நாற்பது பேர் உயிரை வைத்துக்கொண்டு அவள் பேசியபோது நான் என்ன சொல்ல முடியும்? நானும் ஒத்து ஊதினேன். பிரிட்ஜ் கதவில் தாளை ஒட்டியதே நான்தான்.

இடையில் அழும்போது நடக்கிற வேலை எனக்கு. முன் அறையில் ஜன்னலுக்கும் கதவுக்கும் பதினோரு அடி. பொடிசைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பேன். இரண்டாம் நாள் அது தலையைத் திருப்பித் திருப்பி என் சட்டைத் துணியில் வாயை வைத்துத் தேடியது. துணியோடு சேர்த்து உறிஞ்சியது. என்னிடம் ஒன்றும் இல்லை என்று அதற்கு எப்படிச் சொல்வது? உள்ளே எட்டிப் பார்த்து, "பசிக்குதோ என்னவோ தெரியல," என்றேன்.

மணிக்கூண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் நாப்பது நிமிஷம் இருக்குக்கா. இப்ப குடுத்தா மறுபடி எல்லாம் குழம்பிடும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். ஏன் மூடிக்கொண்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன். இன்னொரு வார்த்தை பேசினால், பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிடுவாளோ என்ற பயம். அவள் அப்படிக் கேட்கிறவள் இல்லை. ஆனால் என் வாழ்க்கையில் கேட்டவர்கள் நிறையப் பேர் உண்டு. அதனால் ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடந்தேன்.

அட்டவணை போட்ட நாலாம் நாள் அழுகை குறைந்தது. ஐந்தாம் நாள் சுத்தமாக நின்றது. மூன்று மணி நேரம் ஆனாலும் பிள்ளை தூங்கியது. நாமாகத் தூக்கி மடியில் வைத்தால் நாலு வாய் சப்பிவிட்டு, அப்படியே கண் சொருகிவிடும். மணிக்கூண்டு இரவு இரண்டு மணி ட்ரிப்பை ரப்பரால் அழித்தாள். எட்டு ஏழானது. அடுத்த நாள் பிற்பகலில் ஒன்றை அழித்தாள், ஆறானது. பால் கட்டிக்கொண்டு கல்லாகியிருந்த மார்பும் இளகிவிட்டது. வலியும் குறைந்தது. தம்பி ஏழு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கி எழுந்து, புது ஆளாய் வேலைக்குப் போனான். மணிக்கூண்டு தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு ஜன்னலோரம் நின்று டிப்போவை வேடிக்கை பார்த்தாள். "பாத்தீங்களாக்கா, சத்தமே இல்ல," என்றாள்.

எனக்கும் சந்தோஷம்தான். துணி துவைப்பது நான். தினம் பத்துப் பன்னிரண்டு ஈரத் துணி விழுந்த இடத்தில் நாலுதான் விழுந்தது. அந்த நாலில் ஒன்றில் செங்கல் பொடியைத் தூவினாற்போல் ஒரு கறை. துணி வெட்டித் தைத்து வயதானவள் நான். கறையைப் பார்த்தால் என்ன தோன்றும்? சாயம் போயிருக்கிறது என்றுதான் தோன்றும். என்னுடைய செங்கல் நிறத் துண்டைத் தனியாகப் பிரித்து வைத்தேன். மறுநாளும் அதே கறை. அந்தத் துண்டு வாளிப் பக்கமே போகவில்லை. ஏதோ ஒரு துணி சாயம் விடுகிறது என்று, சோப்பைக் கூடப் போட்டுக் கசக்கிக் காயப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சாயம் போனதை ஒரு சேதி என்று யார் சொல்வார்கள்?

பிறந்த பதினோராம் நாள், திங்கட்கிழமை, எடை பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். தம்பி வேலைக்குப் போய்விட்டான். பதினொன்றாம் நம்பர் பஸ் காலை ஏழுக்குப் போய்விட்டால் அடுத்தது பன்னிரண்டரைக்குத்தான். வேறு பஸ்ஸில் மெயின் ரோட்டில் இறங்கி, ஆஸ்பத்திரி வரை நடந்தோம். பதினைந்து நிமிட நடை, தையல் போட்ட உடம்போடு அவளுக்கு அரை மணி ஆனது. நடுவில் இரண்டு இடத்தில் மதில்மேல் கை ஊன்றி நின்றாள். நான் பிள்ளையை வைத்துக்கொண்டு, உன் டைம் டேபிள் நன்றாகத்தான் இருக்கிறது என்று கிண்டல் செய்தேன். சிரிக்கத் தெம்பில்லாமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

எடை பார்க்கும் அறையில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்ட ஒரு நர்ஸ் இருந்தார். பொடிசின் துணியெல்லாம் கழற்றித் தராசில் கிடத்தினார். அது முனகக்கூட இல்லை. எண்ணைப் பார்த்தார். எடுத்துத் திரும்பக் கிடத்தி மறுபடி பார்த்தார். கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. இரண்டு கிலோ எழுநூற்று நாற்பது. வீட்டுக்குப் போகும்போது இருந்ததைவிட எண்பது கிராம் குறைவு. இத்தனை நாளில் பிறந்த எடையை எட்டிப்பிடிக்க வேண்டிய பிள்ளை.

நர்ஸ் அதட்டவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை முறை பால் கொடுக்கிறீர்கள்? ஆறு. தானாக எழுந்து கேட்கிறதா? இல்லை, நல்ல பிள்ளை, அழுவதே இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை ஈரத் துணி? மணிக்கூண்டு என்னைப் பார்த்தாள். நாலு என்றேன். துணியில் செங்கல் பொடி மாதிரிக் கறை ஏதாவது பார்த்தீர்களா?

இல்லை என்று மணிக்கூண்டு சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் குறுக்கிட்டேன். "இருந்துச்சு. ரெண்டு நாளா இருந்துச்சு. சாயம்னு நெனச்சுத் துவைச்சுட்டேன்."

மணிக்கூண்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

நர்ஸ் சொன்னது இதுதான். பிள்ளைக்குப் போதுமான பால் போகவில்லை. அந்தக் கறை சாயம் இல்லை, பால் போதாமல் சிறுநீர் கெட்டிப்பட்டு விழுந்தது. பால் குறையக் குறைய உடம்பில் தெம்பு குறையும். தெம்பு குறைந்த பிள்ளை அழாது, கேட்காது, தூங்கும். அது அமைதி இல்லை, அசதி. அம்மாவின் மார்பும் அப்படித்தான், பாலை எடுக்க எடுக்கத்தான் ஊறும். எடுக்காமல் விட்டால் தேவையில்லை போல என்று குறைத்துக்கொள்ளும். பெரிய டாக்டரும் வந்து பார்த்தார். இனி இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்க விடாமல் எழுப்பிக் கொடுக்க வேண்டும், குடித்த பிறகு மிச்சத்தைப் பிழிந்து சின்னக் கப்பில் ஊட்ட வேண்டும், இடையில் அதுவாகக் கேட்டால் எத்தனை முறையானாலும் கொடுக்க வேண்டும் என்றார். நடுவில் எப்போதாவது எழுப்பியும் எழவில்லையென்றால் உடனே ஓடி வர வேண்டும். வியாழக்கிழமை மறுபடி எடை. ஏறவில்லையென்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, குழாய் வழியாகப் பால் கொடுக்க வேண்டியிருக்கும்.

வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசல் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். பதினொன்றாம் நம்பர் நிற்கும் நிறுத்தம். இரும்பு பெஞ்சில் தூசி படிந்திருந்தது. பன்னிரண்டரை வண்டிக்குக் கால் மணிதான் இருந்தது, எங்களைத் தவிர ஒரு ஆள் இல்லை. மணிக்கூண்டு துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு பிள்ளையை மார்பில் வைத்து, உள்ளங்காலைத் தேய்த்துத் தேய்த்து எழுப்பிக்கொண்டிருந்தாள். அது இரண்டு வாய் சப்பும், தூங்கும். தேய்ப்பதை நிறுத்தாமலே பேசினாள்.

"இந்த ரூட்ட நான் எப்படிக் கொன்னேன்னு தெரியுமாக்கா? எட்டு ட்ரிப் இருந்தப்ப கூட்டம் கம்மினு ஆறாக்கினேன். ட்ரிப் கம்மியானதால கூட்டம் இன்னும் கம்மியாச்சு. அதப் பாத்து நாலாக்கினேன். கடைசில புகார் வரல. எல்லாருக்கும் திருப்தின்னு நான் நெனச்சேன். யாரும் நிறுத்தத்துக்கே வரலக்கா. வந்தாத்தான புகார் சொல்ல."

அப்புறம், "இதுவும் கேக்கறத விட்டுடுச்சு," என்றாள். அவள் அழுது நான் பார்த்திருக்கிறேன், ஆனால் அன்றைக்கு அழுத மாதிரி இல்லை. பஸ் வந்து நின்றது. உள்ளே டிரைவர், கண்டக்டர், காலி சீட்டுகள். கண்டக்டருக்கு அவளைத் தெரியும். என்னம்மா, குழந்தை ரொம்பச் சமத்துப் போல என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பிரிட்ஜ் கதவிலிருந்து தாளை நான் உரித்தேன். தம்பி வந்தான். விஷயத்தைச் சொன்னதும் வந்த வழியே திரும்பி டிப்போவுக்குப் போய், பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். அதை முதல் நாளே செய்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். லீவு கேட்கச் சொல்லி யாரும் சொல்லவில்லையே என்றான். அவன் தூக்கத்தைச் சுற்றித்தான் இத்தனை கட்டமும் கட்டினோம். எனக்கு வந்த ஆத்திரத்தில், கையில் இருந்த தாளைச் சுருட்டி அவன் தலையில் ஒன்று போட்டேன். வாங்கிக்கொண்டான்.

மறுநாள் அவன் ஒரு காரியம் உருப்படியாகச் செய்தான். சோபாவில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. டிப்போ பட்டறையில் உடைத்துப் போட்டிருந்த பஸ்ஸின் டிரைவர் சீட்டைக் கேட்டு வாங்கி, பலகையில் போல்ட் போட்டு முடுக்கிக் கொண்டுவந்து வைத்தான். முதுகுக்கு நிமிர்ந்து கொடுக்கும், உயரம் ஏற்றி இறக்கலாம், உட்கார்ந்தால் ஸ்பிரிங் மெல்ல ஆடும். அடுத்த மூன்று நாளும் மணிக்கூண்டு அதிலேயே வாழ்ந்தாள்.

எழுப்புவதுதான் பெரிய பாடு. துணியைக் கழற்றுவோம், ஈரப் பஞ்சால் காலைத் துடைப்போம், முதுகைத் தடவுவோம். தூங்குகிற பிள்ளையை எழுப்பித் தொல்லை செய்ய மனம் வருமா? வரவழைத்துக்கொண்டோம். நாலு வாய் குடிக்கும், தூங்கும், மறுபடி எழுப்புவோம். குடித்து முடிந்ததும் மணிக்கூண்டு பிழிவாள். முதல் நாள் கப்பின் அடிதான் நனைந்தது. அதை நான் சொட்டுச் சொட்டாகப் பிள்ளை உதட்டில் விட்டேன். ஒரு சொட்டு என் விரலில் விழுந்தால் அதையும் அதன் உதட்டிலேயே தடவினேன். ஆறின காம்பு மறுபடி வெடித்தது. ஒன்றை முடித்து ஒன்றுக்கு நடுவே அவளுக்கு அரை மணி கிடைத்தால் பெரிது. வாயில் நான் உருட்டிக் கொடுத்த சோற்றை மென்றுகொண்டே தூங்கினாள்.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கப்பைக் கொடு, துணியைக் கொடு, அவ்வளவுதான். ஒவ்வொரு ஈரத் துணியையும் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துக் காட்டிவிட்டுத்தான் வாளியில் போட்டேன். அன்றைக்கும் ஒன்றில் லேசாகக் கறை இருந்தது. அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. பசிக்கிறது என்று எனக்கு அன்றைக்கே தெரியும், என் சட்டையில் வாயை வைத்துத் தேடியது, பிள்ளை பெறாதவள் பேசுவதை நீ கேட்பாயோ மாட்டாயோ என்று பயந்து விட்டுவிட்டேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் பிள்ளையின் தலையைத் தடவினாள். "எனக்கும் தெரியும்க்கா," என்றாள். "அது அழும்போதெல்லாம் எனக்குப் பால் தானா வழிஞ்சுது. துணிய வெச்சு அழுத்திக்கிட்டு மணியப் பாத்துட்டு இருந்தேன். வலி அப்படி. கொஞ்ச நேரம் யாரும் என்னத் தொடாம இருந்தாப் போதும்னு இருந்துச்சு. டைம் டேபிள் எனக்கு ஒரு சாக்கு. உங்க தம்பி தூக்கத்துக்காகன்னு சொல்லிக்கிட்டேன்."

இப்போதும் வலிக்கிறதா என்று கேட்டேன். உயிர் போகிறது என்றாள். பிள்ளையைப் பிடிக்கிறதா என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. தெரியலக்கா, இது பிழைக்கட்டும், அப்புறம் யோசிக்கிறேன் என்றாள். பொய் சொல்லாததற்காக எனக்கு அவளை அந்த நிமிடம் ரொம்பப் பிடித்தது.

புதன்கிழமை காலையில் கப்பில் கால் பங்கு வந்தது. ஐந்து ஈரத் துணி, பிறகு ஆறு. கறை இல்லை. சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். அரை மணி முன்னால்தான் குடித்துவிட்டுப் படுத்திருந்தது. தம்பி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான், நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், மணிக்கூண்டு டிரைவர் சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். படுக்கையில் ஒரு முனகல். அப்புறம் ஒரு செருமல். அப்புறம் வீடே அதிர ஒரு அழுகை.

போன வாரம் அந்தச் சத்தத்துக்குத்தான் நாங்கள் மூன்று பேரும் நடுங்கினோம். தம்பி சோப்புக் கையோடு ஓடி வந்து அறை வாசலில் நின்றான். மணிக்கூண்டு கண்ணைத் திறந்து, கனவா என்று என்னைப் பார்த்தாள். யாரும் உடனே தூக்கவில்லை. இரண்டு நொடி கேட்டுக்கொண்டே இருந்தோம். பிறகு நான் தூக்கி அவள் மடியில் வைத்தேன். அது வாயை அகலத் திறந்து, தானாகப் பிடித்துக்கொண்டது. மணிக்கூண்டு கால் விரல்களை மடக்கிக்கொண்டு, "கேக்குதுக்கா," என்றாள். அன்றைக்கு ஒன்பது மணி வரை அது அவளை எழவே விடவில்லை.

வியாழக்கிழமை எடை இரண்டு கிலோ எண்ணூற்று அறுபது. பிறந்த எடைக்கு இன்னும் நூற்று நாற்பது கிராம் குறைவுதான். நர்ஸ் சிரிக்கவில்லை, சேர்க்க வேண்டாம், இப்படியே கொடுங்கள், திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்லிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அந்தக் கண்ணாடி ஏறியதே எங்களுக்குப் போதுமாக இருந்தது. இந்த மாதிரி சாயங்காலம் விடாமல் குடிப்பது எத்தனை நாள் இருக்கும் என்று மணிக்கூண்டு கேட்டாள். சில வாரம் என்றார் நர்ஸ். அவள் முகம் தொங்கிப்போனதை மறைக்கவில்லை.

வாசலுக்கு வருவதற்குள் பொடிசு ஊரைக் கூட்டியது. மறுபடியும் அதே இரும்பு பெஞ்சு. தம்பி கைக்குட்டையால் தூசியைத் தட்டினான். மணிக்கூண்டு உட்கார்ந்து பிள்ளையை மார்பில் வைத்தாள். கைக்குழந்தையோடு ஒரு பெண் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து, எங்களைத் தாண்டி மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தாள். உடம்பைப் பார்த்தால் பிரசவமாகிப் பத்து நாள்கூட இருக்காது. ஒரு கை அடிவயிற்றில். பன்னிரண்டரைக்கு பஸ் இருக்கிறதே, உட்காரக் கூடாதா என்று கேட்டேன்.

"இந்த வழியா பஸ் வருதாங்க?" என்றாள் அவள். "முன்னாடி வரும். நாங்க பாக்கறத விட்டுட்டோம்." சொல்லிக்கொண்டே நடந்துவிட்டாள்.

மணிக்கூண்டு அவள் போன திசையையே பார்த்தாள். அந்தப் பெண் மதிலில் கை ஊன்றி நின்றதையும் பார்த்தாள். பிறகு ஒரு கையால் பிள்ளையைத் தாங்கிக்கொண்டு, தம்பியிடம் மேனேஜருக்கு போன் போட்டுக் காதில் வைக்கச் சொன்னாள். மேனேஜர் குழந்தை எப்படி இருக்கிறது என்று விசாரித்திருப்பார் போல, பரவாயில்லை என்றாள். பதினொன்றாம் ரூட்டில் மறுபடி எட்டு ட்ரிப் விட வேண்டும், தாளை வீட்டிலிருந்தே போட்டு அனுப்புகிறேன் என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து என்ன கேட்டார் என்று எங்களுக்கும் கேட்டது. அந்த ரூட்டில் கூடுதல் பஸ் வேண்டும் என்று யாருமே கேட்கவில்லையே, அம்மா.

"கேக்க மாட்டாங்க சார்," என்றாள் மணிக்கூண்டு. "நாமதான் மொதல்ல விடணும். வர்றதுக்கு நாளாகும்."

பொடிசு ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அழ ஆரம்பித்தது. அவள் காதிலிருந்து போனை எடுக்கச் சொல்லித் தம்பியிடம் தலையை அசைத்துவிட்டு, கால் விரல்களை மடக்கிக்கொண்டு, பிள்ளையை அடுத்த பக்கம் மாற்றினாள்.